பெயரில்லாத விலாசம்

எங்கள் நிலையத்தின் வட்ஸ்அப் குழுவில் 37 பெண்கள் இருக்கிறார்கள். கூட்டம் எப்போது, தையல் துணி வந்துவிட்டதா, கோழிக்குஞ்சு எந்தக் கிழமை கொடுக்கப்படும் என்பது போன்ற செய்திகளை அதில்தான் போடுவேன். நான் போடும் செய்தி என்றால் அவர்கள் இரண்டாம் தடவை யோசிப்பதில்லை. அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க எனக்குப் பல வருடங்கள் எடுத்தன. அதை ஒரு நிமிடத்தில் எப்படித் தவற விட்டேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னை நம்பியதால் ஒரு பெண் இழந்த காசைப் பற்றி நான் பேசாமல் இருந்தால், அந்த வெட்கத்தையும் அவரே சுமக்க வேண்டி வரும்.

அன்று நான் பஸ்ஸில் நின்றுகொண்டு பயணம் செய்தேன். எனக்குப் பழக்கமான ஓர் உத்தியோகத்தரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு 50,000 ரூபா வாழ்வாதார உதவி, கீழே உள்ள இணைப்பில் பதிவு செய்யவும், இன்று மாலை 5 மணிக்குள் முடிக்கவும் என்று அதில் இருந்தது. அவரும் வேறு யாரோ அனுப்பியதைத்தான் எனக்கு அனுப்பியிருந்தார். மாலை 5 மணி என்பதைப் பார்த்ததும், எங்கள் பெண்களுக்குக் கிடைக்காமல் போய்விடுமே என்ற பதற்றம் வந்தது. இணைப்பைத் திறந்து பார்க்காமலே குழுவில் போட்டேன். "உடனே பதிவு செய்யுங்கள்" என்று ஒரு வரியையும் சேர்த்தேன்.

இரண்டு நாள் கழித்து ஓர் அக்கா நிலையத்துக்கு வந்தார். அவருடைய கணவர் இறுதி யுத்தத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர். மாடு வளர்த்துப் பால் விற்று இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். வாசலில் நின்றபடியே கேட்டார்.

"மிஸ், அந்த உதவிக் காசு வந்திட்டுதோ எண்டு பாக்க பாங்குக்குப் போனனான். கணக்கில இருந்த காசும் இல்லையெண்டு சொல்லுறாங்கள்."

41,500 ரூபா. மகளின் உயர்தர ரியூசனுக்கும் வீட்டுக் கூரைக்குமாகச் சேர்த்தது. அந்த இணைப்பைத் திறந்ததும் ஒரு பக்கம் வந்திருக்கிறது. அரச இலச்சினை போல ஒரு படம், பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கி அட்டை இலக்கம், அட்டையின் பின்பக்கத்து மூன்று இலக்கம் எல்லாம் கேட்டிருக்கிறது. கடைசியாக, வங்கியிலிருந்து போனுக்கு வந்த ஆறு இலக்கத்தையும் கேட்டிருக்கிறது. அக்கா எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டிப் பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறார். மகள் பாடசாலையால் வரும்வரை காத்திருக்கவில்லை. மாலை 5 மணிக்குள் முடிக்க வேண்டுமே.

"நீங்கள் அனுப்பினதுதானே மிஸ்" என்றார். குற்றம் சாட்டும் குரலில் அல்ல. ஒரு காரணத்தைச் சொல்வது போலச் சொன்னார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அன்றே அவருடன் வங்கிக்குப் போனேன். அட்டையை நிறுத்தினார்கள். பொலிசில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தோம். குழுவில் என் செய்தியை அழித்து, நடந்ததைக் குரலில் பதிந்து போட்டேன். வேறு நான்கு பேர் இணைப்பைத் திறந்திருந்தார்கள். அட்டை இல்லாதபடியால் அவர்கள் தப்பினார்கள். அக்காவின் காசு இன்றுவரை திரும்பக் கிடைக்கவில்லை.

எங்கள் நிலையத்தில் கணனி வகுப்பு நடத்தும் தங்கையிடம் அந்தச் செய்தியைக் காட்டினேன். அவள் இணைப்பைத் திறக்கவில்லை. பார்த்தவுடனேயே சொன்னாள்.

"அக்கா, இதில பேரே இல்லையே. வெறும் நம்பர்."

அப்போதுதான் நான் அதை முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தேன். வழக்கமாக ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கும் இடத்தில், புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள் இருந்தன. 203.0.113.25 என்பது போன்ற ஒரு வரிசை. (இது உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட எண்.) அதற்கு ஐ.பி. விலாசம் என்று பெயர். அவள் எனக்குச் சொல்லித் தந்ததையும், பின்னர் நானே தேடி வாசித்ததையும் உங்களுக்கு விளங்கும்படி சொல்லப் பார்க்கிறேன்.

இணையத்தில் உள்ள ஒவ்வொரு கணனியும் ஓர் எண்ணால்தான் அடையாளம் காணப்படுகிறது. பழைய முறையில் நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மொத்தமாகச் சுமார் 429 கோடி விலாசங்கள். அது போதாமல் போனதால் புதிய முறையும் வந்துவிட்டது. அதில் எண்ணும் எழுத்தும் கலந்த நீண்ட வரிசை முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்டிருக்கும். மனிதருக்கு இவற்றை ஞாபகம் வைத்திருப்பது கஷ்டம். எங்கள் காணிக்கும் உறுதியில் ஓர் இலக்கம் உண்டு. ஆனால் யாரும் அந்த இலக்கத்தைச் சொல்லி வழி கேட்பதில்லை. பிள்ளையார் கோயிலடியில் இன்னாருடைய வீடு என்றுதான் கேட்போம். இணையத்திலும் அப்படித்தான். நாங்கள் பெயரைச் சொல்வோம், எங்கள் போன் அந்தப் பெயருக்கு உரிய எண்ணை ஒரு பெயர்ப் பதிவேட்டில் கேட்டு அறிந்துகொண்டு போகும்.

இந்தப் பதிவேட்டுக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறார் என்பது எனக்கு மகிழ்ச்சியான செய்தியாக இருந்தது. அமெரிக்காவின் எலிசபெத் பெயின்லர் என்பவர் 1970களிலும் 80களிலும் ஸ்டான்போர்ட் ஆய்வு நிறுவனத்தில் வலையமைப்புத் தகவல் நிலையத்தை நடத்தினார். அந்த நாட்களில் எந்தக் கணனிக்கு என்ன பெயர், என்ன எண் என்ற பட்டியல் கையாலேயே பராமரிக்கப்பட்டது. புதிய கணனி ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் அலுவலக நேரத்தில் அந்த நிலையத்துக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும். கணனிகள் பெருகவே பட்டியல் சமாளிக்க முடியாமல் போனது. 1983 இல் போல் மொக்கபெட்ரிஸ் என்பவர் இன்றுள்ள பெயர் முறையை வடிவமைத்தார். இன்று நாங்கள் பார்க்கும் டொட் கொம், டொட் ஓர்க் போன்ற முடிவுகளை வகுத்ததில் பெயின்லரின் குழுவுக்கு முக்கிய பங்கு உண்டு. எங்கள் நாட்டின் முடிவு டொட் எல்கே. 2010 இல் தமிழ் எழுத்திலேயே டொட் இலங்கை என்ற முடிவுக்கும் அனுமதி கிடைத்தது.

அப்படியானால் கள்ளர் ஏன் பெயரை விட்டு எண்ணைப் பிடிக்கிறார்கள்? பெயர் வாங்குவதற்குப் பதிய வேண்டும், காசு கட்ட வேண்டும். முறைப்பாடு வந்தால் பெயரைப் பறித்துவிடலாம். கெட்ட பெயர்களின் பட்டியலை வைத்துத் தடுக்கும் பாதுகாப்புச் சேவைகளும் உண்டு. எண்ணுக்கு இந்தத் தொல்லை குறைவு. எங்கோ ஒருவரின் கணனியையோ, கடவுச்சொல் மாற்றாத ஒரு கண்காணிப்புக் கமெராவையோ ரவுட்டரையோ திருட்டுத்தனமாகக் கைப்பற்றி, அதிலிருந்தே போலிப் பக்கத்தைக் காட்டலாம். 2016 இல் மிராய் என்ற தீய மென்பொருள், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லையே மாற்றாமல் விட்ட இப்படியான கருவிகளை இலட்சக்கணக்கில் பிடித்தது. எண்ணை நேரே சொன்னால் போன் பெயர்ப் பதிவேட்டைக் கேட்பதே இல்லை. அதனால் பெயரைப் பார்த்துத் தடுக்கும் காவலுக்கு அந்தப் பயணம் கண்ணிலேயே படாது. முன்வாசலில் சென்றி போட்டிருக்க, வேலிப் பொட்டால் வந்து போவதைப் போன்றது.

எண்ணை மறைக்கும் வித்தைகளும் உண்டு. நான்கு எண்களையும் சேர்த்து ஒரே பெரிய எண்ணாக எழுதலாம். உதாரணமாக 127.0.0.1 என்பதை 2130706433 என்று எழுதினாலும் உலாவி அதே இடத்துக்குத்தான் போகும். இன்னொன்று, முன்னால் ஒரு வங்கியின் பெயரைப் போட்டு, மின்னஞ்சலில் வரும் அந்தச் சுழி எழுத்தை இட்டு, அதற்குப் பின்னால் எண்ணைப் போடுவது. உலாவி சுழிக்கு முன்னால் இருப்பதைப் பொருட்படுத்தாது. பின்னால் உள்ள எண்ணுக்கே போகும். பார்ப்பவரின் கண்ணுக்கு வங்கியின் பெயர்தான் முதலில் தெரியும்.

இதையெல்லாம் விளங்கிக்கொண்ட பிறகு அக்காவிடம் கேட்டேன். "அக்கா, அதில பேரில்லாமல் நம்பர் மட்டும் இருந்தது உங்களுக்கு வித்தியாசமாகத் தெரியேல்லையா?"

அவர் சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது.

"முகாமில இருக்கேக்க எங்களுக்கு எங்க மிஸ் பேர் இருந்தது? வலயம் நம்பர், கூடார நம்பர், குடும்ப அட்டை நம்பர். நிவாரணமும் நம்பரைப் பாத்துத்தான் தந்தவை. நம்பரில வந்தா அது கவுண்மேந்து அலுவல் எண்டுதான் நினைச்சன்."

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். அதிகாரம் மனிதரை எண்ணாக மாற்றுகிறது என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆனால் 2009 இல் மெனிக் பாம் முகாமில் எண்ணாக வாழ்ந்த ஒரு பெண், பல வருடங்களுக்குப் பிறகு ஓர் எண்ணைக் கண்டதும் அதை நம்புவார் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அவர் ஏமாந்தது அறியாமையால் அல்ல. எண்களுக்குக் கீழ்ப்படிந்தால்தான் அரிசியும் பருப்பும் கிடைக்கும் என்பதை வாழ்க்கை அவருக்குப் படிப்பித்திருந்தது. 2023 முதல் அஸ்வெசும கொடுப்பனவும் வங்கிக் கணக்குக்கே வருகிறது. வங்கி, அடையாள அட்டை இலக்கம், போனில் செய்தி என்பதெல்லாம் இப்போது உண்மையான உதவியின் முகமாகவே இருக்கின்றன. கள்ளர் அந்த முகத்தைத்தான் போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

பிறகு தங்கையும் நானும் நிலையத்தின் கணனிகளில் ஒரு வேலை செய்தோம். வெறும் எண்ணாக வரும் விலாசங்களை உலாவி திறக்காதபடி தடுத்தோம். பயர்பொக்ஸ் என்ற உலாவியில் யூபிளொக் ஒரிஜின் என்ற இலவச இணைப்பு ஒன்றைச் சேர்க்கலாம். விளம்பரங்களைத் தடுப்பதற்காகப் பலரும் பயன்படுத்துவது. அதில் எங்கள் சொந்த விதிகளை எழுத ஓர் இடம் உண்டு. விலாசத்தில் பெயருக்குப் பதிலாக எண் இருந்தால் அந்தப் பக்கத்தை நிறுத்து என்று ஒரு விதியை அங்கே எழுதினோம். பழைய நான்கு எண் முறைக்கும், சதுர அடைப்புக்குறிக்குள் வரும் புதிய நீண்ட முறைக்கும் சேர்த்தே எழுத வேண்டும். அந்த ஒரே பெரிய எண் வித்தையை உலாவியே முதலில் நான்கு எண்ணாக மாற்றிக்கொள்வதால் அதுவும் இந்த வலையில் அகப்படும்.

இப்போது அப்படியான இணைப்பைத் தொட்டால் பக்கம் திறக்காது. இது தடுக்கப்பட்டுள்ளது என்று ஓர் அறிவித்தல் வரும். விரும்பினால் அதைத் தாண்டிப் போகவும் பொத்தான் இருக்கிறது. ஆகவே இது பூட்டிய கதவு அல்ல, வாசலில் போட்ட படலை. ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் படலையே பெரிய விடயம். அவசரத்தில் ஓடும் கை ஒரு கணம் நிற்கும். அந்த ஒரு கணம் எனக்கு பஸ்ஸில் கிடைத்திருந்தால் போதும்.

சில எண்களுக்கு வழி விட வேண்டியிருந்தது. வீட்டிலோ அலுவலகத்திலோ உள்ள ரவுட்டரின் அமைப்புப் பக்கம் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். 10 என்று தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவையும் அப்படியே உள்வீட்டு விலாசங்கள். இவற்றைத் தடுத்தால் ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றக்கூட முடியாது. அதனால் இவற்றை விதிவிலக்காக விட்டோம். இதைத் தவிர, எங்கள் அன்றாட அலுவல்களில் வெறும் எண்ணைத் திறக்க வேண்டிய தேவை அநேகமாக வருவதில்லை. வங்கியோ பிரதேச செயலகமோ பாடசாலையோ பதிவு செய்யச் சொல்லி ஓர் எண்ணை அனுப்பினால், அதைச் சந்தேகிக்க அதுவே போதுமான காரணம்.

கைத்தொலைபேசியிலும் இதைச் செய்யலாம். அன்ட்ரொயிட் போனில் பயர்பொக்ஸைப் போட்டு, அதில் அந்த இணைப்பைச் சேர்த்து, வட்ஸ்அப்பில் தொடும் இணைப்புகள் அதிலேயே திறக்கும்படி வழமையான உலாவியாகவும் அதை வைக்க வேண்டும். குரோம் உலாவி அன்ட்ரொயிட் போனில் இத்தகைய இணைப்புகளை ஏற்பதில்லை. ஐபோனில் உள்ள பயர்பொக்ஸும் ஏற்பதில்லை. முகநூலுக்குள்ளேயே திறக்கும் பக்கங்களுக்கும் இந்தத் தடை வேலை செய்யாது. இதை நீங்கள் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. கணனி தெரிந்த, உங்களுக்கு நம்பிக்கையான ஒரு பெண்பிள்ளையிடம் "எண் விலாசம் திறக்காமல் விதி போட்டுத் தா, உள்வீட்டு எண்களை விட்டுவிடு" என்று கேளுங்கள். அவளுக்கு விளங்கும். ஆனால் உங்கள் கண் முன்னாலேயே செய்யச் சொல்லுங்கள்.

தடை என்ற சொல் எங்களுக்குப் பிடிக்காத சொல் என்பது எனக்குத் தெரியும். பாஸ் எடுத்துப் பயணம் செய்தவர்கள் நாங்கள். சோதனைச் சாவடியில் இறங்கி ஏறியவர்கள். இணையத்தில்கூட 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் இந்த நாட்டில் தடுக்கப்பட்டன. அந்த நாட்களில் பிள்ளைகளோடு வட்ஸ்அப்பில் கதைக்க முடியாமல் தவித்த தாய்மார் உண்டு. ஆகவே நிலையத்தில் நான் "தடுக்கப் போகிறோம்" என்றதும் ஓர் அம்மா முகத்தைச் சுளித்தார். நான் சொன்ன பதில் இதுதான். மற்றவர் எங்கள் மேல் போடும் தடை வேறு, நாங்கள் எங்கள் வளவுக்குப் போடும் வேலி வேறு. வேலியின் திறப்பு எங்கள் கையில் இருக்கிறது. வேண்டாவிட்டால் நாங்களே எடுத்துவிடலாம்.

இதைச் சொல்ல இன்னொரு காரணமும் இருந்தது. காசு போன செய்தி அறிந்ததும் அக்காவின் தமையன் வந்து போனைப் பறித்துவிட்டார். "உனக்கு இதெல்லாம் தெரியாது, இனி உனக்கு ஸ்மாட் போன் வேண்டாம்" என்று சாதாரண போன் ஒன்றைக் கொடுத்தாராம். அக்கா எதிர்த்துப் பேசவில்லை. பிழை விட்டவள் என்று தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அந்தப் போனில்தான் பால் வாங்குபவர் கணக்கு அனுப்புவார். மகளின் வகுப்பு அறிவித்தல் வரும். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார், மனைவியரின் கூட்டம் எங்கே என்ற செய்தியும் அதில்தான் வரும். காசை எடுத்தவன் ஒருவன். அவளது உலகத்தைச் சுருக்கியவர் வீட்டுக்காரர்.

நான் தமையனைப் போய்ச் சந்தித்தேன். "அண்ணை, அந்தச் செய்தியை அனுப்பினது நான். பிழை விட்டவரிட்டைப் போனைப் பறிக்கிறதெண்டா முதல்ல என்ரை போனைத்தான் பறிக்க வேணும்" என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு போனைக் கொண்டுவந்து தந்தார். அதில் நாங்கள் சொன்ன விதியைப் போட்டு, அக்காவின் கையிலேயே கொடுத்தோம்.

சகோதரிகளே, இந்தத் தடை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். போலிகள் பலர் பெயரும் வாங்கித்தான் வருகிறார்கள். உண்மையான பெயரில் ஓர் எழுத்தை மாற்றி வைப்பார்கள். பூட்டு அடையாளம் இருந்தால் நல்ல பக்கம் என்று முன்பு நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அது பிழை. பூட்டு என்பது இடையில் எவரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டுமே காட்டும். மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்று காட்டாது. 2025 இல் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவச சேவை எண் விலாசங்களுக்கும் அந்தப் பூட்டுச் சான்றிதழை வழங்கத் தொடங்கியது. ஆகவே பூட்டைப் பார்க்காதீர்கள், பெயரைப் பாருங்கள்.

போனுக்கு வரும் ஆறு இலக்கத்தை எவருக்கும், எந்தப் பக்கத்திலும் உதவி பெறுவதற்காகக் கொடுக்காதீர்கள். காசு தருபவருக்கு அது தேவையில்லை. எடுப்பவருக்குத்தான் தேவை. ஏமாந்துவிட்டால் முதலில் வங்கிக்கு அழைத்து அட்டையையும் கணக்கையும் நிறுத்துங்கள். மணித்தியாலங்கள் முக்கியம். செய்தியை அழிக்காமல் படம் எடுத்து வைத்துப் பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க கணனிக் குற்றங்கள் சட்டம் இதற்காக உண்டு. இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கும் அறிவிக்கலாம். இணையத்தில் பிரச்சினைக்கு உள்ளாகும் பெண்களுக்கு உதவ ஹிதவதி என்ற சேவையும் இருக்கிறது. வெட்கப்பட்டு மறைத்தால் இலாபம் கள்ளனுக்கே.

எங்களைப் போன்ற உத்தியோகத்தர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் குழுவில் போடும் செய்திக்கு எங்கள் பெயரே சான்றிதழாகிவிடுகிறது. பெண்கள் இணைப்பைப் பார்ப்பதில்லை, எங்களைப் பார்க்கிறார்கள். அதனால் இப்போது நான் ஒரு விதி வைத்திருக்கிறேன். உதவி என்று எந்தச் செய்தி வந்தாலும், உரிய அலுவலகத்துக்கு அழைத்து ஓர் ஆளோடு கதைத்த பிறகே குழுவில் போடுவேன். யாரோடு கதைத்தேன் என்பதையும் எழுதுவேன்.

அக்காவின் காசை நாங்கள் முழுதாகத் திருப்பிக் கொடுக்கவில்லை. என்னுடைய சம்பளத்தில் மாதம் ஒரு தொகை அவர் மகளின் ரியூசனுக்குக் கொடுக்கிறேன். அவர் முதலில் மறுத்தார். "கடன் எண்டு நினையுங்கோ அக்கா, நான்தான் கடன்காரி" என்று சொல்லித்தான் வாங்க வைத்தேன்.

போன மாதம் அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. யாரோ ஓர் இணைப்பு அனுப்பியிருக்கிறார்களாம். தொட்டவுடன் படலை விழுந்துவிட்டதாம்.

"மிஸ், இதுக்கும் பேரில்லை. நான் திறக்கேல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் வந்திருக்கு. அவளையும் திறக்க வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். நீங்கள் குழுவில ஒருக்காச் சொல்லி விடுங்கோ."

அதை நான் சொல்லவில்லை. அவரது குரலிலேயே குழுவில் போடட்டுமா என்று கேட்டேன். ஓம் என்றார். இம்முறை 37 பேரும் கேட்டது அவருடைய குரலைத்தான்.